நடுவில் இரண்டு விரல்

கயிறு பிடித்துப் பார்த்தேன்.
நடுவில் இரண்டு விரல் தொய்வு.
சரியாகச் சொன்னால் இரண்டு விரலும்
ஒரு நகக்கண்ணும்.

கோட்டையூரில் இந்தப் பெரிய வீட்டின்
மூன்றாம் கட்டில் எங்களுக்கு இரண்டு அறை.
பதினோரு பங்காளிக்கும் பொதுச் சுவர்,
முகம் பார்க்கலாம், அவ்வளவு வழுவழுப்பு.
வாடகைப் பத்திரத்தில் நாலாவது வரி:
ஆணி அடிக்கக் கூடாது.
மாதம் பிறந்தால் வருகிற வயிரவன்
ரசீது எழுதுமுன்
சுவரை ஒருதரம் தடவிப் பார்ப்பார்,
மாடு பிடிக்க வந்த தரகர் மாதிரி.

அதனால் எங்கள் ஷெல்ஃப்
சுவரைத் தொடாமல் நிற்கிறது.
இரண்டு பக்கமும் ஹாலோ பிளாக்,
மேலே ஆறடிப் பலகை.
செக்காலை ரோட்டில் வாங்கியது.
மரத்தூளை ஒட்டி
மரம் என்று கொடுத்தார்கள்.

ரேஷன் கடையில் பதினான்கு வருஷம்
எடை போட்ட கை இது.
புத்தகத்தைத் தூக்கினால் கிராம் தெரியும்.
பொது அறிவு எண்ணூற்றைம்பது.
இந்திய வரலாறு ஒன்று நூறு.
திறனறிவு, விடைகளுடன், ஒன்றே முக்கால்.
இறக்க இறக்கக் கூட்டிக்கொண்டே வந்தேன்:
ஐம்பத்து மூன்று கிலோ.
ஒரு மூட்டை அரிசி,
அதன்மேல் ஒரு பூனை.
ஒன்பது வருஷமாக இறங்கவே இல்லை.

சேவுகப்பெருமாள் பேசாமல்
தூசி துடைத்துத் தரையில் அடுக்கினார்,
பாடவாரியாக.
ஒரு கைடுக்குள்ளிருந்து ஹால் டிக்கெட் விழுந்தது.
போட்டோவில் மீசை புதுசு.
மையம்: சிவகங்கை.
அன்றைக்குக் காளையார்கோவிலில் பஸ் நின்றுபோய்
செங்கல் லாரியில் ஏறிப் போனார்;
வெள்ளைச் சட்டையை நான்தான் துவைத்தேன்.
எந்தப் பக்கத்திலிருந்து விழுந்ததோ
அந்தப் பக்கத்தைத் தேடி
திரும்ப வைத்தார்.

போன மாதத்தோடு வயது வரம்பு முடிந்தது.
அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
பழைய பேப்பர் வண்டி மணி அடித்துப் போனால்
யாராவது ஒருவர் எழுந்து
டிவி சத்தத்தைக் கூட்டுவோம்.

'நடுவில் ஒரு கல் முட்டுக் கொடுக்கலாம்.'
'கீழே தையல் மெஷின் இருக்கே.'
'முன்பக்கம் ஒரு ரீப்பர் வைத்து முடுக்கினால்?'
'இந்தத் தூளில் ஸ்க்ரூ பிடிக்காது.'
உண்மைதான், பிடிக்காது.
எடையைக் குறைக்கலாமே என்று
நான் சொல்லவில்லை.
மின்தராசில் எண் நிலைக்காமல் துடிக்குமே,
அப்படி வாய்க்குள்ளேயே கிடந்தது.

'அந்த முனையைப் பிடி' என்றார்.
'கவிழ்ப்போம்.'

கவிழ்த்தோம்.
தொய்ந்த வயிறு மேலே வந்தது.
வெளிச்சமே படாத அடிப்பக்கத்தில்
கடைக்காரர் சாக்பீஸில் போட்ட விலை
அப்படியே இருந்தது: அறுநூற்று எண்பது.
இருபது ரூபாய் குறைத்து வாங்கினேன்
என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது பலகை நடுவில் ஒரு மேடு.
வைத்த பேனா
இரண்டு பக்கமும் யோசித்துவிட்டு
என் பக்கம் உருண்டு வந்தது.

'பாரம் ஏற ஏற நேராயிடும்.'
'நேரான பிறகு?'
'கொஞ்ச நாள் நிற்கும்.'
'அப்புறம்?'
'கவிழ்ப்போம்.'

பாடவாரியாக அடுக்கவில்லை இந்த முறை.
'புவியியல் எவ்வளவு?' என்றார்.
'தொள்ளாயிரம்.'
'அப்ப ஓரத்துக்கு. தமிழ் இலக்கணம்?'
'நானூறுதான்.'
'நடுவில் வை.'
என் தொழிலைப் பற்றி
அவர் கேட்ட முதல் கேள்விகள் இவை.
வேகமாகப் பதில் சொல்லிவிடக் கூடாதென்று
சிலதை இரண்டு தரம் தூக்கிப் பார்த்தேன்.

மூன்று புத்தகம் மட்டும் ஏறவில்லை.
இடம் இருந்தது, அவர் ஏற்றவில்லை.
வாசல்படியோரம், செருப்புக்குப் பக்கத்தில்
குப்புற வைத்திருந்தார்.
விளக்கணைக்கப் போகிற சாக்கில்
எடுத்துப் பார்த்தேன்:
சரியாக மூன்று கிலோ.

பூனை இறங்கிவிட்டது.
மூட்டை இருக்கிறது.